எமன் வந்த வீடு: காதல் கதைகளில் மரணமும் சிங்கவரமும்

மரணம் மனித உருவெடுத்து, உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறது. வந்த இடத்தில் ஒரு பெண்ணைக் காதலிக்கிறது. இந்தக் கதைக்குத் திரையில் நிலைத்த வடிவம் தந்த படம், பாரமவுண்ட் நிறுவனம் 1934இல் வெளியிட்ட ‘டெத் டேக்ஸ் எ ஹாலிடே’. இயக்கியவர் மிட்செல் லைசன். இத்தாலிய நாடகாசிரியர் ஆல்பெர்டோ கசெல்லா 1924இல் எழுதிய நாடகமே இதற்கு மூலம். வால்டர் ஃபெர்ரிஸ் ஆங்கிலத்துக்குத் தக்கபடி மாற்றி எழுத, அந்த நாடகம் 1929இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறியது.

மனிதர்கள் தன்னைக் கண்டு ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது மரணத்துக்கு விளங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள மூன்று நாள் ஓய்வெடுத்துக்கொண்டு, சிர்க்கி என்ற இளவரசனின் பெயரில் இத்தாலியப் பிரபு ஒருவரின் மாளிகைக்கு வருகிறது. வந்திருப்பது யார் என்று வீட்டுத் தலைவருக்கு மட்டும் தெரியும். அந்த மூன்று நாளும் உலகில் ஓர் உயிரும் போவதில்லை, பூ வாடுவதில்லை. மற்ற விருந்தினர்கள் இளவரசனிடம் மயங்கினாலும் உள்ளூர ஏதோ குளிர்வதை உணர்ந்து விலகுகிறார்கள். கிராசியா என்ற பெண் மட்டும் விலகுவதில்லை. கடைசியில் அவன் தன் உண்மை உருவைக் காட்டியபோதும் அவள் அதிரவில்லை. தொடக்கம் முதலே அவனை அப்படித்தான் கண்டுவந்ததாகச் சொல்லி அவனோடு போய்விடுகிறாள். ஃபிரெட்ரிக் மார்ச் மரணமாகவும் ஈவ்லின் வெனபிள் கிராசியாவாகவும் நடித்தார்கள்.

1998இல் மார்ட்டின் பிரெஸ்ட் இதே கருவை ‘மீட் ஜோ பிளாக்’ என்று மறுபடி எடுத்தார். முதல் படம் 79 நிமிடம். இது ஏறத்தாழ மூன்று மணி நேரம். பிராட் பிட் நடித்த மரணம், விபத்தில் இறந்த ஓர் இளைஞனின் உடலில் புகுந்து, ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்த செல்வரின் வீட்டுக்கு வருகிறது. செல்வரின் 65ஆவது பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு அவர் கணக்கு முடிகிறது. மகளைக் காதலித்தும் அவளை அழைத்துப்போகாமல் தந்தையோடு திரும்பும் மரணம், இளைஞனை உயிரோடு விட்டுச்செல்கிறது. மூலத்தில் பெண் போனாள். இதில் மரணம் அவளை விட்டுக்கொடுக்கிறது. 64 ஆண்டு இடைவெளியில் முடிவை மட்டும் இப்படித் திருப்பிப் போட்டிருப்பது கவனிக்கத்தக்கது. ஒரு பெண் காதலுக்காகச் சாவோடு போவது 1934இல் உன்னதமாகத் தோன்றியது. 1998இல் அப்படித் தோன்றவில்லை.

மரணம் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி தமிழ்நாட்டுக் கோயில்களில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான். திருக்கடவூர்த் தலபுராணப்படி, 16 வயது மார்க்கண்டேயனைப் பிடிக்க எமன் வீசிய பாசக்கயிறு, அவன் கட்டித் தழுவியிருந்த லிங்கத்தின்மேலும் விழுந்தது. சிவன் எமனைக் காலால் உதைத்து வீழ்த்தினார். பாலகன் பிழைத்தான். ஆனால் அதன்பிறகு உலகில் சாவே இல்லாமல் போயிற்று. பிறந்தவர்கள் எல்லாரும் இருந்துகொண்டே இருக்க, பாரம் தாங்காத பூமாதேவி சிவனிடம் முறையிட்டாள். எமன் மறுபடி எழுப்பப்பட்டுத் தன் பொறுப்பைத் திரும்பப் பெற்ற தலம் என்று திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலி வணங்கப்படுகிறது. அங்கே எமனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. திருவாரூர் மாவட்டத்து ஸ்ரீவாஞ்சியத்தில் எமனை வணங்கிய பிறகுதான் மூலவரை வணங்குவது வழக்கம்.

இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு உடனே கண்ணில் படுகிறது. ஆங்கிலப் படத்தில் மரணத்தின் ஓய்வு ஓர் இனிய சலுகை. பூக்கள் வாடாதிருப்பது அழகு. புராணத்தில் அதே ஓய்வு பெருந்துன்பம். எமன் தண்டிக்கப்பட வேண்டியவன், அதேநேரத்தில் இல்லாமல் முடியாதவன். அவனுக்குத் தர்மராஜன் என்ற பெயர் வாய்த்ததும் இந்தப் பொறுப்பினால்தான். இன்றும் 60, 80 வயது நிறைந்தவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சூழத் திருக்கடவூருக்குப் போய், மணமக்களைப் போல மாலை மாற்றிக்கொண்டு மறுபடி தாலி கட்டிக்கொள்கிறார்கள். எமன் வீழ்ந்த இடமே முதிய தம்பதிகளின் கல்யாண மண்டபமாக இருக்கிறது. காதலும் மரணமும் சந்திக்கும் இடம் எது என்று தமிழரைக் கேட்டால் முதலில் சுட்ட வேண்டியது இந்த மண்டபத்தைத்தான்.

மரணமும் காதலும் நேருக்கு நேர் பேசும் கதை இந்திய மரபில் சாவித்திரியுடையது. மகாபாரத வனபர்வத்தில் வருவது. சத்தியவானுக்கு இன்னும் ஓராண்டே ஆயுள் என்று நாரதர் சொல்லியும் சாவித்திரி அவனையே மணக்கிறாள். நாள் நெருங்கியதும் மூன்று இரவு நோன்பிருந்து, விறகு வெட்டப் போகும் கணவனோடு காட்டுக்குப் போகிறாள். அவன் தலைவலி என்று அவள் மடியில் சாய்கிறான். கையில் கயிற்றோடு வந்து நிற்பவனை அவள் பார்க்கிறாள். யார் நீ என்று கேட்கிறாள். அவனும் மறைக்காமல், தான் எமன் என்கிறான். சத்தியவான் நற்குணமுள்ளவன் என்பதால் ஏவலாளரை அனுப்பாமல் தானே வந்ததாகவும் சொல்கிறான். கட்டைவிரல் அளவான உயிரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே நடக்கும் எமனைச் சாவித்திரி பின்தொடர்கிறாள். அழுதோ இரந்தோ அவள் வெல்வதில்லை. அறத்தைப் பற்றி அவள் பேசப் பேச எமன் மனம் குளிர்ந்து, கணவனின் உயிர் தவிர எதையும் கேள் என்று வரங்களை அடுக்குகிறான். மாமனாருக்குப் பார்வை, அவர் இழந்த நாடு, தந்தைக்கு நூறு பிள்ளைகள், தனக்கு நூறு பிள்ளைகள். கடைசி வரத்தைக் கொடுத்த பிறகு கணவனைக் கொடுக்காமல் எமனால் இருக்க முடியாது.

ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1921இல் எடுத்த ‘டெர் மியூட டோட்’ இதற்கு மிக அருகில் வரும் ஐரோப்பியப் படம். களைத்துப்போன மரணத்திடம் ஓர் இளம்பெண் தன் காதலனின் உயிரைக் கேட்கிறாள். மனித உயிர்கள் எல்லாம் மெழுகுவத்திகளாக எரியும் மண்டபத்தில், அணையப் போகும் மூன்று சுடர்களை மரணம் அவளுக்குக் காட்டுகிறது. மூன்று நாட்டில் மூன்று கதையாக விரியும் சோதனைகளில் ஒன்றிலாவது சுடரைக் காத்தால் காதலன் திரும்புவான். மூன்றிலும் தோற்கிறாள். கடைசியாக, இன்னோர் உயிரைக் கொண்டுவா என்று மரணம் கேட்கும்போது, தீப்பிடித்த வீட்டில் தனியே கிடக்கும் குழந்தையைக் கொடுக்க அவளுக்கு மனம் வருவதில்லை. குழந்தையைத் தாயிடம் சேர்த்துவிட்டுத் தானே காதலனோடு போகிறாள். சாவித்திரி எமனைப் பின்தொடர்ந்து திரும்பி வந்தவள். லாங்கின் பெண்ணும் கிராசியாவும் திரும்பாதவர்கள்.

இந்திய சினிமா பிறந்த மறுவருடமே, 1914இல், தாதாசாகேப் பால்கே சாவித்திரி கதையைப் படமாக்கினார். 1933இல் சி. புல்லையா தெலுங்கில் எடுத்தார். தமிழில் ஒய். வி. ராவ் இயக்கிய ‘சாவித்திரி’ 1941இல் வந்தது. சாவித்திரியாக நடித்த மராத்தி நடிகை சாந்தா ஆப்தே, இந்தப் படத்துக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு பேசினார். எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக ஆண்வேடம் போட்டார். அவருடைய கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் தொடங்கவிருந்த ‘கல்கி’ இதழுக்கு முதல் சேர்க்கவே இந்த வேடத்தை அவர் ஏற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. சாவு நாளை முன்கூட்டியே சொல்லுகிறவர் நாரதர். அந்த வேடத்துக்குப் படத்தின் ஆகச் சிறந்த குரல் அமைந்தது கதைக்குக் கிடைத்த பேறு. மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் காரடையான் நோன்பு நோற்கும் வீடுகளில் சாவித்திரி இன்னும் வாழ்கிறாள். காராமணி சேர்த்த அடையையும் வெண்ணெயையும் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் பெண்களுக்கு இது சினிமாவுக்கு வெகுமுன்பே தெரிந்த கதை.

இவ்வளவு வலுவான தொடக்கம் இருந்தும், தமிழ்த் திரையில் எமன் வந்த வழி வேறு. சாவித்திரியை எடுத்த அதே புல்லையா, 27 ஆண்டு கழித்து 1960இல் தெலுங்கில் ‘தேவாந்தகுடு’, தமிழில் ‘நான் கண்ட சொர்க்கம்’ என இரண்டு படங்களில் எமலோகத்தைச் சிரிப்பின் களமாக்கினார். 1958இல் வந்த ‘யமாலயே ஜீவந்த மானுஷ்’ என்ற வங்காளப் படத்தின் கிளையில் வந்த கதைகள் இவை. 1977இல் தெலுங்கில் ‘யமகோலா’ பெருவெற்றி பெற, அதைத் தழுவி 1980இல் சிவாஜி கணேசன் நடித்த ‘யமனுக்கு யமன்’ வந்தது. 1990இல் ரஜினிகாந்தின் ‘அதிசயப் பிறவி’. எமனாக வினு சக்கரவர்த்தி. 1995இல் கார்த்திக் நடித்த ‘லக்கி மேன்’. எமனாகக் கவுண்டமணி, சித்திரகுப்தனாகச் செந்தில். 2008இல் வடிவேலுவின் ‘இந்திரலோகத்தில் நா அழகப்பன்’.

இவற்றில் பலவற்றின் அச்சு ஒன்றே. காதலிலோ சண்டையிலோ இளைஞன் ஒருவன் காலத்துக்கு முன்பே சாகிறான், அல்லது எமலோகத்தின் ஏடு எப்படியோ பூமிக்கு வந்துவிடுகிறது. சித்திரகுப்தனின் கணக்கில் பிழை. எமலோகம் ஒரு தாலுகா அலுவலகத்தைப் போல நடக்கிறது; கோப்பு தவறுகிறது, மேலதிகாரி திட்டுகிறார், மனு கொடுத்தவன் மேசையைத் தட்டுகிறான். அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் இந்தச் சிரிப்பு மக்களுக்குப் பிடித்ததில் வியப்பில்லை. ஆனால் சாவித்திரி கதையின் நடுநரம்பு இவற்றில் அறுந்துவிட்டது. எமன் வரும் வீட்டில் ஒரு பெண் நிற்கிறாள், அவளுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற நிலையே இங்கு இல்லை. காதலி பூமியில் பாட்டுக்காகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த நரம்பு வேறு வகைப் படங்களில் போய்ச் சேர்ந்தது. 1962இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பெரும்பகுதி ஒரே மருத்துவமனை அரங்கில் நடக்கிறது. தேவிகாவின் கணவராக வரும் முத்துராமன் நோயாளி. சிகிச்சை தரும் கல்யாண்குமார் அவளுடைய பழைய காதலன். தான் பிழைக்காவிட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்று கணவன் மனைவியிடம் சொல்கிறான். எமன் உருவத்தில் வருவதில்லை என்றாலும் அந்த அறையில்தான் இருக்கிறான். மூவரும் அவனை வைத்தே பேசுகிறார்கள். கடைசியில் நோயாளி பிழைக்க, மருத்துவர் இறந்துபோகிறார். எமன் கட்டில் மாறிவிட்டான். புராண உடையும் எருமையும் இல்லாமல், மரணம் ஒரு காதலுக்குள் வந்துபோவதைத் தமிழ்ப் படம் ஒன்று இவ்வளவு நேராகக் காட்டியது அரிது.

மரணம் வரும் நாள் முன்கூட்டியே தெரிவதும், தெரிந்த பிறகு காதலர் நடந்துகொள்வதும்தான் தமிழ்க் கதைகளின் உயிர்நிலை. இதற்கு மண்ணோடு ஒட்டிய சான்று செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்துச் சிங்கவரத்தில் இருக்கிறது. குன்றின்மேல் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில். படியேறிப் போனால், பாறையிலேயே செதுக்கிய சுமார் 24 அடி நீள அரங்கநாதர் அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். கருவறை இருட்டில் விளக்கை உயர்த்திக் காட்டும்போதுதான் திருமுகத்தின் சாய்வு தெரிகிறது. வழக்கமான பள்ளிகொண்ட கோலத்திலிருந்து தலை சற்றே திரும்பியிருக்கிறது. ஊராரிடம் அதற்கு ஒரு காரணம் உண்டு. செஞ்சி மன்னன் தேசிங்கு போருக்குப் போகும் நாளில் உத்தரவு கேட்க வந்தான். இன்றைக்குப் போகாதே என்று பெருமாள் தடுத்தார். அவன் கேட்கவில்லை. பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிற்ப வரலாற்றின்படி இந்த உருவம் தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டு முந்தையது. கல்லின் சாய்வுக்குக் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒட்டிக்கொண்ட கதை எது என்பதில் பொருள் இருக்கிறது. சாவை அறிவிக்க இங்கே எமன் வரவில்லை. அன்பு வைத்த தெய்வமே அறிவிக்கிறது. அறிவித்தும் தடுக்க முடியாமல் பார்வையை விலக்குகிறது. நாரதர் சாவித்திரிக்குச் சொன்னது ஓராண்டு முன்னால். சிங்கவரத்தில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

தேசிங்கு என்று மக்கள் வழங்கும் தேஜ்சிங், புந்தேல ராஜபுத்திரர். ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்ட சரூப்சிங்கின் மகன். 1714இல் தந்தை இறந்ததும் செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டும், தேஜ்சிங்கின் உரிமையை ஏற்க மறுத்தும் படையோடு வந்தார். 1714 அக்டோபர் 3 அன்று நடந்த சண்டையில் தேஜ்சிங் மாண்டார், வயது 22. அவர் செஞ்சியை ஆண்டது ஓர் ஆண்டுகூட இல்லை. வரலாற்றில் இது ஒரு சிறு கோட்டைத் தலைவரின் தோல்வி. ஆனால் தேசிங்குராஜன் கதைப்பாடல் தமிழ்நாடெங்கும் பரவி, பெரிய மன்னர்கள் பலருக்குக் கிடைக்காத இடத்தை அவருக்குக் கொடுத்தது.

கதைப்பாடலில் நாலு பேர் சாவை நோக்கிப் போகிறார்கள். தேசிங்கு, டில்லியில் யாரும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரை, அதை அடக்கியதற்காகவே அவனுக்குக் கிடைத்த மனைவி ராணிபாய், முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரன். 1960இல் வந்த திரைப்படத்திலும் பேச்சு வழக்கிலும் இவனே மகபத்கான். போர்ச் செய்தி போகும்போது நண்பன் வழுதாவூரில் மணப்பந்தலில் இருக்கிறான். கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீலவேணி என்ற தன் குதிரையில் ஏறி வருகிறான். தேசிங்கு ராணிபாயிடம் விடைபெறும் இடம் பாடலின் மிக நுட்பமான பகுதி. மணம் முடிந்தும் கூடி வாழாத இருவர். நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவன் பெருமாளின் உத்தரவு கிடைக்காதவன். அவன் போரில் வெல்வானா என்ற ஐயம் கேட்பவருக்கு அந்த இடத்தில் எழுவதேயில்லை. முடிவு தெரிந்த கதையில் இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதே மிஞ்சுகிறது.

போர்க்களத்தில் மோவுத்துக்காரன் விழுகிறான். பாராசாரியின் கால்கள் வெட்டப்படுகின்றன. நண்பனும் குதிரையும் போன பிறகு தேசிங்கு வாளை வானில் எறிந்து, அது இறங்கும்போது மார்பில் ஏந்திச் சாவதாகக் கதைப்பாடல் முடிக்கிறது. எதிரியின் கையால் சாகாமல், தானே நேரம் குறித்துச் சாவை வரவழைக்கிறான். நீலாம்பூண்டியில் நண்பனுக்கும் குதிரைக்கும் உரியவை என்று காட்டப்படும் சமாதிகள் உள்ளன. செஞ்சிக் கோட்டைப் பகுதியில் செட்டிகுளத்தின் கரையில் தேசிங்கு எரியூட்டப்பட்டதாகவும், ராணிபாய் அதே தீயில் இறங்கியதாகவும் சொல்லும் மேடை இருக்கிறது. அவள் நினைவாக நவாபு உண்டாக்கியதே ராணிப்பேட்டை என்பது வழக்கு.

இங்கே தயங்கி நிற்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணைக் கதை மிக எளிதாகத் தீயில் இறக்கிவிடுகிறது. காதலின் உச்சம் என்று பாடப்படுவது, கணவனோடு வாழவே தொடங்காத ஒருத்தியின் உடன்கட்டை. சென்னை மாகாணத்தில் உடன்கட்டை 1830இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதற்கு 116 ஆண்டு முன்னால் எரிந்த பெண்ணின் விருப்பம் என்ன என்று எந்தப் பாடலும் கேட்கவில்லை. கிராசியா மரணத்தோடு போவதை மயக்கமூட்டும் ஒளியில் காட்டும் 1934 படத்துக்கும் இதே குறை உண்டு. இரண்டையும்விடச் சாவித்திரி கதை மேலோங்கி நிற்பது இதனால்தான். அவள் எமனோடு நடந்தாள், ஆனால் எமனுக்காக நடக்கவில்லை. பேசித் தன் வாழ்க்கையை மீட்டாள். செஞ்சிக் கதையில் ராணிபாய்க்கு அப்படி ஒரு பேச்சுக்கு இடம் கொடுத்திருந்தால் அது இந்திய மரபின் தலைசிறந்த மரணக் காதல் கதையாக ஆகியிருக்கும்.

1960இல் வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ அந்த இடத்தைக் கொஞ்சம் திறந்தது. டி. ஆர். ரகுநாத் இயக்கிய இந்தப் படத்தில் எம். ஜி. ஆர். தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரட்டை வேடம் ஏற்றார், ராணிபாயாக பி. பானுமதி, மகபத்கானாக எஸ். எஸ். ராஜேந்திரன், ஆயிஷாவாகப் பத்மினி. இசை ஜி. ராமநாதன். பானுமதியிடம் திரைக்குப் பின்னால் நின்று தலைகுனியும் பெண்ணை எதிர்பார்க்க முடியாது. அவர் திரையில் நின்றாலே எதிரில் நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். ஆனாலும் படம் இரட்டை வேடக் கதைக்கு ஏற்பப் பிரிந்த சகோதரர்களின் பகையைப் பெரிதாக்கியது. சிங்கவரத்துப் பெருமாளின் முகம் திரும்பிய கணமும், அதன்பின் கணவன் மனைவியிடம் வந்து நிற்பதும் அதன் ஓட்டத்தில் பின்னுக்குப் போயின. சாகவே கூடாதவராக மக்கள் கருதிய ஒரு நடிகரைச் சாகும் மன்னனாகக் காட்டியது தயாரிப்பாளர்களின் துணிச்சல்.

சிங்கவரத்தைச் சுற்றிய மண் இந்தப் பொருளுக்கு இன்னும் இரண்டு முகங்களைத் தருகிறது. ஒன்று, அருகிலேயே உள்ள திருநாதர்குன்று. அதன் உச்சியில் பெரும்பாறை ஒன்றில், வரிசைக்குப் பன்னிரண்டாக 24 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைப் பதிவுசெய்கிறது. தமிழ் எழுத்து பழைய பிராமியிலிருந்து வட்டெழுத்துக்கு மாறிவந்த காலத்தது. இளையபடாரர் என்ற இன்னொருவர் 30 நாள் நோன்பிருந்த செய்தியும் அங்கே உண்டு. பெருமாள் முகம் திருப்பிய குன்றுக்குப் பக்கத்துக் குன்றில், சாவை நாள் எண்ணி வரவேற்றவர்கள் இருந்திருக்கிறார்கள். பற்று ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகு வரும் சாவு அவர்களுடையது. காதலுக்கு அதில் இடமில்லை. தேசிங்கு கதையோ பற்றை விடாமலே சாவுக்குப் போகிறவர்களைப் பாடுகிறது. ஒரே நிலப்பரப்பில் இந்த இரண்டும் நூற்றாண்டுகளாக அருகருகே நிற்கின்றன. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இதே வட்டாரத்து மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது.

மற்றொன்று கூத்து. சிங்கவரத்தை அடுத்த மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை, இந்த வழிபாட்டின் மூலத்தலமாகப் பலர் கருதுகிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட முதல் தொகுதியின் தலைப்பிலேயே செஞ்சி இடம்பெற்றிருக்கிறது. இந்த வட்டாரத்துக் கூத்துக் குழுக்கள் ஆடும் ‘கர்ண மோட்சம்’ நாடகத்தின் நடுப்பகுதி, கர்ணன் பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுவது. தேரோட்டி மகன் என்று அதுவரை அவனைத் தாழ்த்தி வந்தவள் அவள். அன்றிரவு அவன் பிறப்பின் உண்மை அவளுக்குத் தெரிகிறது. அவள் அவனை நேசிக்கத் தொடங்கும்போது விடியப் போகிறது. தேசிங்கின் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கிடைக்காத பேச்சு பொன்னுருவிக்குக் கிடைக்கிறது. கட்டியங்காரன் எத்தனை நகைச்சுவை செய்தாலும், இந்தக் கட்டம் வந்ததும் பாட்டும் வசனமும் மணிக்கணக்கில் நீளும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

வடதமிழ்நாட்டு ஊர்களில் ‘கர்ண மோட்சம்’ திருவிழாவுக்கு மட்டும் உரியதில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தால், கருமாதியை ஒட்டி இரவு முழுவதும் இதை ஆடவைப்பது வழக்கம். துக்க வீட்டார் பணம் கொடுத்துக் கூத்தை வைக்கிறார்கள். இறந்தவருக்கு நற்கதி கிடைக்கும் என்பது நம்பிக்கை. எமன் வந்துபோன வீட்டின் வாசலிலேயே விளக்கு கட்டி, முகவீணையும் மத்தளமும் ஒலிக்க, கணவனும் மனைவியும் விடைபெறும் கட்டத்தைப் புதிதாகக் கைம்பெண் ஆனவளும் அவள் பிள்ளைகளும் உறவினரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். சொல்ல நேரம் கிடைக்காமல் போனவர்களின் சார்பில் பொன்னுருவி பேசுகிறாள்.

ஹாலிவுட் இரண்டு முறையும் மரணத்துக்கு அழகிய இளைஞனின் முகத்தைக் கொடுத்து, பெயரை மறைத்து, வீட்டுக்குள் அனுப்பியது. தமிழ்த் திரை அதற்கு மீசையும் கதாயுதமும் கொடுத்துச் சிரிக்கவைத்தது. கூத்து மேடையில் மரணத்துக்கு வேடமே கிடையாது. விடிந்தால் போர் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் இருவர் பேசி முடிக்க வேண்டும். சாவித்திரி, ராணிபாய், பொன்னுருவி ஆகிய மூவரையும் ஒரே கோட்டில் வைத்து, மரணம் வரும் வீட்டின் கதையை அந்த வீட்டுப் பெண்ணின் பேச்சாக எடுக்கும் படம் தமிழில் எடுக்கத்தக்கது. அதற்கான கதையும் களமும் மேலச்சேரிக்கும் செட்டிகுளத்துக்கும் இடையிலேயே கிடைக்கின்றன.